நின்ற வண்டிக்குச் செல்ஃப் அடிக்காதீர்கள்

கனமழை பெய்து ஓய்ந்த வாரத்தில் எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. தண்ணீருக்குள் வண்டியை விட்டேன், பாதியில் நின்றுவிட்டது, இப்போது என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். என்ஜினைப் பிரித்துக் கட்டும் வேலையில் நான் இருப்பது 26 வருடமாக. தண்ணீர் குடித்த என்ஜின்களைத் திறக்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். அவற்றில் பாதிக்கு மேல் காப்பாற்றியிருக்கக் கூடியவை. அதனால் இந்த முறை பதில் முழுவதும் இந்த ஒரு விஷயத்துக்கே.

கேள்வி: முழங்காலுக்கும் கொஞ்சம் கீழேதான் தண்ணீர் இருந்தது. எனக்கு முன்னால் போன வண்டிகள் எல்லாம் தாண்டிவிட்டன. என் பெட்ரோல் கார் மட்டும் நடுவில் உதறி நின்றுவிட்டது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். பதற்றத்தில் நான்கைந்து முறை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். முதலில் சுற்றியது, அப்புறம் ‘டொக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். தண்ணீர் போய் இரும்பை வளைக்குமா? என்னை ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: வளைக்கும் அம்மா. சந்தேகப்பட்டதில் தப்பில்லை. கேட்டால் யாருக்கும் நம்ப முடியாத விஷயம்தான்.

உங்கள் என்ஜின் 1200 சிசி, நான்கு சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 300 சிசி, அதாவது 300 மில்லி. அதற்குள் மேலும் கீழும் ஓடும் உருளைதான் பிஸ்டன். பிஸ்டன் கீழே இறங்கும்போது அவ்வளவு காற்றை உள்ளே இழுக்கும். மேலே ஏறும்போது வால்வு இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும், உள்ளே மாட்டிய காற்று பத்தில் ஒரு பங்காக நசுங்கும். பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதற்கு மேலே மிச்சம் இருக்கும் இடம் சுமார் 33 மில்லி. அவ்வளவுதான். இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரை ஊற்றினால் அந்த இடம் கிட்டத்தட்ட நிறைந்துவிடும்.

காற்று நசுங்கும். தண்ணீர் நசுங்காது. 33 மில்லி இடத்துக்குள் 50 மில்லி தண்ணீர் வந்துவிட்டால், பிஸ்டன் உச்சிக்குப் போவதற்கு முன்பே சுவரில் முட்டிய மாதிரி நின்றுவிடும். ஆனால் கீழே, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட் நிற்காது. நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடுகிற என்ஜினில் அது நொடிக்கு 33 முறை சுற்றுகிறது. மற்ற மூன்று சிலிண்டர்களும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரமும் சேர்ந்து அதைத் தள்ளும். மேலே வழி இல்லை, கீழேயிருந்து தள்ளு. நடுவில் இருப்பது கனெக்டிங் ராடு. அதுதான் வளையும். இதைத்தான் ஹைட்ரோ லாக் என்கிறோம்.

டீசல் என்ஜினில் நிலைமை இன்னும் நெருக்கடி. அதில் காற்று 16, 17 மடங்கு நசுங்கும். 1500 சிசி டீசல் என்றால் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் 25 மில்லியை ஒட்டித்தான் இருக்கும். பெட்ரோல் வண்டி மாதிரி காற்றைக் குறைத்து விடும் த்ராட்டில் ஏற்பாடு பெரும்பாலான டீசலில் அந்த அளவுக்கு வேலை செய்யாது. சும்மா ஐடிலில் நிற்கும்போதே அது நிமிடத்துக்கு 600 லிட்டர் அளவுக்குக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். காற்றை இழுக்கும் குழாயின் வாய்க்கு எட்டிய தூரத்தில் தண்ணீர் வந்தால் அதையும் சேர்த்து இழுத்துவிடும்.

சரி, உங்கள் வண்டியில் ராடு எப்போது வளைந்திருக்கும்? இரண்டு வழி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறையத் தண்ணீர் ஒரே மூச்சில் போயிருந்தால், உதறி நின்ற அந்த நொடியிலேயே வளைந்திருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்வதில் ஒன்றைக் கவனித்தேன். நின்ற பிறகு முதலில் என்ஜின் சுற்றியது என்கிறீர்கள். அப்படியென்றால் அப்போதைக்கு எந்தச் சிலிண்டரும் அடைபட்டிருக்கவில்லை. ஏர் ஃபில்டர் நனைந்து, காற்று கிடைக்காமல் மூச்சுத் திணறி நின்றிருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும், ஃபில்டர் பெட்டிக்குள் தேங்கிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நீங்களே உள்ளே இழுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். செல்ஃப் மோட்டார் மட்டும் சுற்றினால் பல நேரம் இடித்து அப்படியே நின்றுவிடும், ராடு தப்பும். ஆனால் தண்ணீர் இல்லாத சிலிண்டர் ஒன்று அந்த நேரம் பற்றிக்கொண்டால், அந்த வெடிப்பின் பலம் முழுவதும் தண்ணீர் இருக்கும் சிலிண்டரின் ராடு மேல் இறங்கும். நீங்கள் கேட்ட ‘டொக்’ அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்போது யாருக்கும் கை தானாகச் சாவிக்குத்தான் போகும். மெக்கானிக் சொல்வது உண்மையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். நான்கு பிஸ்டனையும் ஒவ்வொன்றாக உச்சிக்குக் கொண்டுவந்து, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் மேல்மட்டத்திலிருந்து எவ்வளவு என்று டயல் கேஜ் என்ற அளவுமானியை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். மூன்று ஒரே அளவில் வந்து, ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அதன் ராடு வளைந்திருக்கிறது. நேர்மையான மெக்கானிக் இதைக் காட்டத் தயங்க மாட்டார்.

கேள்வி: அப்படியானால் தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் என்னதான் செய்வது? வரிசையாகச் சொல்லுங்கள் அண்ணா.

பதில்: முதலில் சாவியை ஆஃப் செய்து கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் பட்டன் பக்கமே போக வேண்டாம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தாலோ ஓட்டம் இருந்தாலோ வண்டியை விட்டுவிட்டு மேட்டுக்குப் போய்விடுங்கள். கதவு திறக்கவில்லை என்றால் ஜன்னல் வழியாக. பவர் விண்டோ என்றால், சாவியை எடுப்பதற்கு முன்பே, அது நனைந்து வேலை செய்யாமல் போவதற்குள் கண்ணாடியை இறக்கிவிடுவது நல்லது. என்ஜினைப் பற்றிய பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தேங்கிய தண்ணீர், ஆபத்து இல்லை என்றால் நியூட்ரலில் போட்டு ஆள் வைத்துத் தள்ளி மேடான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். அதுவும் என்ஜினைச் சுற்றுவதுதான், செல்ஃபைவிட மோசம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி விடுங்கள்.

பிறகு இரண்டு இடத்தைப் பாருங்கள், இது உங்களாலேயே முடியும். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுங்கள். காய்ந்திருந்தால் நல்ல செய்தி. நனைந்திருந்தால், பெட்டிக்கு அந்தப் பக்கம் என்ஜினுக்குப் போகும் குழாய்க்குள் ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றித் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரமோ மண்ணோ வந்தால் தண்ணீர் ஃபில்டரைத் தாண்டிவிட்டது. அடுத்தது டிப்ஸ்டிக், ஆயில் அளவு பார்க்கும் குச்சி. ஆயில் அளவு வழக்கத்தைவிட ஏறியிருந்தாலோ, வெளுத்துப்போய் நுரை மாதிரி இருந்தாலோ, ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. இதில் எது ஒன்று இருந்தாலும் வண்டியை லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரத்தில் இங்கேயும் தப்பு நடக்கிறது. “ஒரு தடவை செல்ஃப் அடித்துப் பார்த்துவிடுவோம்” என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். முதலில் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்ற வேண்டும். டீசல் என்றால் க்ளோ பிளக் அல்லது இன்ஜெக்டர். அப்புறம் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, என்ஜினைக் கையால் சுற்ற வேண்டும்.

நான் தொழில் கற்ற காலத்தில் என் மேஸ்திரி இதை எனக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். ஸ்பேனரை ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது. கால் சுற்று, நிறுத்து, மறுபடி கால் சுற்று. எங்காவது கனத்தால் அங்கேயே நிற்க வேண்டும். தண்ணீர் இருக்கும் சிலிண்டர் மேலே ஏறும்போது பிளக் ஓட்டையிலிருந்து முதலில் குமிழி வரும், அப்புறம் நூல் மாதிரி தண்ணீர் எழும்பும். ஆயிலும் கரியும் கலந்து கறுப்பாக இருக்கும். துணியை மேலே போட்டுக்கொண்டு செய்வோம், இல்லையென்றால் முகத்தில் அடிக்கும். நாலைந்து சுற்றில் ஓட்டை நான்கிலிருந்தும் வெறும் காற்று மட்டும் வர ஆரம்பித்தால், எனக்கு அப்போதுதான் மூச்சு வரும். ஸ்பேனர் முழுச் சுற்றும் ஒரே சீராகச் சுற்றினால் ராடு பிழைத்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

அடுத்து ஆயில். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அதனால் என்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். என்ஜின் ஓடாமல் இருந்திருந்தால், ட்ரெயின் போல்ட்டை மெதுவாக இளக்கும்போது முதலில் வெறும் தண்ணீர் வடியும், அது முடிந்த பிறகுதான் ஆயில் வரும். இதை ஒரு முறை கண்ணால் பார்த்தவர்கள் தண்ணீர் போன என்ஜினை ஸ்டார்ட் செய்யவே மாட்டார்கள். ஏனென்றால் ஆயில் பம்ப்பும் அதே அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. ஸ்டார்ட் செய்த மறுநொடி பேரிங்குகளுக்குப் போவது அந்தத் தண்ணீர்தான்.

ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் கம்ப்ரெஷன் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் பிளக் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். கொஞ்ச நேரம் ஓட விட்டு, அந்த ஆயிலையும் வடித்துவிட்டு மறுபடி புதிது ஊற்றுங்கள். இரண்டு தடவை ஆயில் மாற்றுவது வீண் செலவு என்று தோன்றும். என்ஜின் செலவோடு வைத்துப் பாருங்கள்.

கேள்வி: “தண்ணீரைப் பார்த்தால் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்து ஒரே வேகத்தில் போய்விடு, சைலன்சரில் தண்ணீர் ஏறாது” என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?

பதில்: பாதி சரி, மீதிப் பாதி ஆபத்து.

நிற்காமல் ஒரே சீராகப் போக வேண்டும் என்பது சரி. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை புகை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், சைலன்சர் வாய் கொஞ்சம் மூழ்கினாலும் தண்ணீர் சுலபத்தில் ஏறாது. ஆனால் அதற்கு ஐடிலுக்குச் சற்று மேலே இருந்தாலே போதும். எல்லோரும் பின்னால் இருக்கும் சைலன்சரைப் பற்றியே பயப்படுகிறார்கள். என்ஜினைக் கொல்வது முன்னால் இருக்கும் காற்று வாய்.

பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து முன்பக்கம் போகும் குழாயைப் பின்தொடர்ந்து பாருங்கள். பல கார்களில் அது ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ கிரில்லுக்கு மேலேயோ திறந்திருக்கும். சில கார்களில் வளைந்து இறங்கி பம்பருக்குப் பின்னால், ஃபெண்டருக்குள் போய் முடியும். உங்கள் வண்டிக்கு ஆபத்து எந்த உயரத்தில் ஆரம்பிக்கிறது என்பதை அந்த வாய் தீர்மானிக்கிறது. தெருவில் ஒரே ஆழத் தண்ணீரில் ஒரு கார் தாண்டிப் போவதும் இன்னொன்று நிற்பதும் இதனால்தான். இன்றைக்கே ஒரு தடவை பார்த்து, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேகமாகப் போனால் என்ன ஆகும்? வண்டியின் மூக்குக்கு முன்னால் தண்ணீர் அலையாகக் குவியும். அவ்வளவு ஆழமில்லாத தண்ணீர்கூட அந்த அலையில் கிரில் உயரத்துக்கு எழும்பலாம். அதே நேரம் ஆக்சிலேட்டரை மிதித்ததால் என்ஜின் இழுக்கும் காற்றும் பல மடங்காகியிருக்கும். 1500 சிசி என்ஜின் 3000 சுற்றில் முழு மூச்சாக இழுத்தால் நிமிடத்துக்கு 2000 லிட்டருக்கு மேல். அலை ஒரு பக்கம், உறிஞ்சல் ஒரு பக்கம். அந்த வேகத்தில் தண்ணீர் போனால் ராடு மட்டும் வளைவதோடு நிற்காது.

முதல் கியர், ஆள் நடக்கும் வேகம், கியர் மாற்றாமல், கிளட்சில் காலை வைத்துத் தேய்க்காமல் போங்கள். ஏசியை அணைத்துவிடுங்கள். ஏசி ஓடினால் ரேடியேட்டர் ஃபேனும் ஓடும், அது தண்ணீருக்குள் சுழன்றால் அதன் இறக்கை வளைந்து ரேடியேட்டரிலேயே உரசும். எதிரில் பஸ்ஸோ லாரியோ வந்தால் நீங்கள் இறங்கவே வேண்டாம், அது தாண்டிப் போகட்டும். பலருடைய வண்டியை நிறுத்தியது எதிரே போன பெரிய வண்டி கிளப்பிய அலைதான்.

இன்னொன்று. சிக்னலில் நின்றால் தானாக என்ஜினை அணைத்து, பிறகு தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி உங்கள் காரில் இருந்தால், தண்ணீரில் இறங்குவதற்கு முன் அந்த பட்டனை அழுத்தி அதை நிறுத்திவிடுங்கள். நடுத்தண்ணீரில் நின்று தானாக அணைந்து, தானாகவே செல்ஃப் அடித்தால் என்ன ஆகும் என்று மேலே படித்துவிட்டீர்கள்.

வெளியே வந்ததும் பிரேக் பிடிக்காது, பதறாதீர்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக நாலைந்து முறை அழுத்துங்கள், காய்ந்துவிடும்.

கேள்வி: புதிதாக எஸ்யூவி வாங்கியிருக்கிறேன். தண்ணீரில் 800 மில்லிமீட்டர் வரை போகலாம் என்று கையேட்டில் இருக்கிறது. தைரியமாகப் போகலாமா?

பதில்: அந்த எண் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு, அடியில் தரை திடமாக இருக்கும்போது, மிக மெதுவாகப் போனால் என்ற கணக்கு. ஓடும் தண்ணீருக்கு அது செல்லாது. 30 சென்டிமீட்டர் ஓட்டத் தண்ணீரே பல கார்களை மிதக்க வைத்துவிடும். 60 சென்டிமீட்டர் ஓட்டம் பெரும்பாலான வண்டிகளை, உங்களுடையது போன்ற எஸ்யூவியையும் சேர்த்து, அடித்துக்கொண்டு போகும். கார் என்பது காற்று அடைத்த பெட்டி. எடை அதிகம் என்று நினைக்கிறோம், ஆனால் சக்கரம் தரையை விட்டு ஒரு விரல் எழும்பினால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் உங்கள் கையில் இல்லை. அதோடு, சாலையில் பள்ளம் விழுந்திருக்கிறதா, மூடி இல்லாத குழி இருக்கிறதா என்று கலங்கிய தண்ணீருக்கு மேலிருந்து யாருக்கும் தெரியாது.

என் கணக்கு ஒன்று உண்டு. நிற்கும் கார்களில் தண்ணீர் சக்கரத்தின் நடு மையத்தைத் தொட்டால், எந்த வண்டியாக இருந்தாலும் நான் திரும்பிவிடுவேன். கையேடு அதற்கு மேலும் அனுமதிக்கலாம். எனக்கு மனசு வராது.

கேள்வி: ஸ்நார்கல் மாட்டிவிட்டால் பிரச்சினை தீருமா?

பதில்: காற்று வாய் கூரை உயரத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான். மற்ற எல்லாம் கீழேதான் இருக்கின்றன. ஆல்டர்னேட்டர், ஒயரிங் கனெக்டர், வீல் பேரிங், கியர் பாக்ஸ் மூச்சுக்குழாய். ஓடிச் சூடான கியர் பாக்ஸும் ஆக்ஸிலும் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடிக்கடி தண்ணீரில் இறங்க வேண்டிய வேலை என்றால் மாட்டுங்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டும் வண்டிக்கு ஸ்நார்கல் வேண்டாம் என்பேன்.

கேள்வி: நான் வண்டியை ஓட்டவே இல்லை. கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்தேன். இரவோடு இரவாகத் தண்ணீர் பானட் வரை ஏறிவிட்டது. என்ஜின் போய்விட்டதா?

பதில்: மனசு விட வேண்டாம். என்ஜினைப் பொறுத்தவரை ஓட்டிக்கொண்டு போய் நின்ற வண்டியைவிட உங்கள் வண்டி நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். ஓடாத என்ஜினில் ராடை வளைக்க எதுவும் இல்லை. திறந்திருந்த வால்வு வழியாக ஒன்றிரண்டு சிலிண்டருக்குள் தண்ணீர் மெதுவாகப் போயிருக்கும், சம்ப்பிலும் இறங்கியிருக்கும். யாரும் சாவியைத் திருப்பாதவரை அதெல்லாம் வடித்து எடுத்துவிடக் கூடியதுதான்.

உங்களுக்கு எதிரி நாட்கள். சிலிண்டரின் உட்சுவர் வெறும் இரும்பாக இருந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே துரு பிடிக்க ஆரம்பிக்கும். ரிங்குகள் அதில் ஒட்டிக்கொண்டால் அப்புறம் கையால் சுற்றினாலும் என்ஜின் நகராது. அதனால் இன்ஷூரன்ஸ்காரர் வந்து பார்ப்பதற்காகக் காத்திருக்கும் நேரத்திலும், அவர்களிடம் சொல்லி அனுமதி வாங்கி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை எடுத்து ஆயில் விட்டு வைத்துவிடுங்கள்.

உண்மையில் உங்கள் காரில் என்னைக் கவலைப்பட வைப்பது உள்பக்கம். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பல கார்களில் கம்ப்யூட்டர் பெட்டிகளும் ஒயர் முடிச்சுகளும் சீட்டுக்கு அடியிலும் கால் வைக்கும் இடத்திலும்தான் இருக்கின்றன. கனெக்டருக்குள் பச்சையாகப் பூத்துவிட்டால் மூன்று மாதம் கழித்துத்தான் கோளாறு தெரியும், அதுவும் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு இடத்தில். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை முழுதாக வெளியே எடுத்துக் காய வைக்கச் சொல்லுங்கள். மேலோட்டமாக வாக்குவம் போட்டு முடித்துவிட்டோம் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மின்சாரக் காருக்கு இந்தக் கவலை இல்லைதானே?

பதில்: ஹைட்ரோ லாக் கவலை இல்லை, மோட்டார் காற்றை உள்ளே இழுப்பதில்லை. பல மாடல்களில் பேட்டரிப் பெட்டி, தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் ஐபி67 தரத்தில் அடைக்கப்பட்டது. அந்தத் தரத்துக்கான சோதனை 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஆனால் சோதனை புதிய பெட்டிக்கு. அடியில் இடி வாங்கிய, பல வருடம் ஓடிய பெட்டிக்கு அதே உறுதியை யாரும் தர முடியாது. மூழ்கிய வண்டியைப் பரிசோதிக்காமல் சார்ஜ் போடாதீர்கள், உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடாதீர்கள். உப்புத் தண்ணீரில் மூழ்கியிருந்தால் வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தவே வேண்டாம், சில நாள் கழித்தும் தீப்பிடித்த வண்டிகள் உண்டு. மிதந்து போகும் ஆபத்து எல்லாக் கார்களுக்கும் ஒன்றுதான். ஹைப்ரிட் என்றால் அதில் என்ஜினும் இருக்கிறது, தானாகவே ஸ்டார்ட் ஆகும். அதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: பாலிசியைப் பொறுத்தது. வெள்ளத்தில் மூழ்கியதற்குப் பணம் தருகிற பாலிசிகூட, “தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் ஏற்பட்ட சேதம்” என்று ஒதுக்கிவிடலாம். என்ஜினுக்குத் தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்கிறீர்களா என்று மழைக்கு முன்பே பாருங்கள். வண்டி நின்ற இடத்தில், தண்ணீர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: இரண்டு மாதம் முன்பு தண்ணீரில் வண்டி நின்றது. ஒர்க்‌ஷாப்பில் ஆயில், ஏர் ஃபில்டர் மாற்றிக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஐடிலில் லேசாக ஒரு ஆட்டம், ஒரு பக்கமாக ‘டக் டக்’ என்று சின்னச் சத்தம். இழுவையும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. சர்வீஸ் தேதி வரும்வரை ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள் தம்பி. இந்தக் கடிதத்தைப் படித்ததும்தான் இந்த முறை முழுவதும் தண்ணீரைப் பற்றியே எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

ராடு கொஞ்சமாக வளைந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஓடும், நெடுஞ்சாலையிலும் போகும். என் மேஜை டிராயரில் அப்படி ஒரு ராடு இருக்கிறது. உங்களைப் போலவே ஒருவர் “ஓடுகிறதே, லேசான சத்தம்தானே” என்று கொண்டுவந்த வண்டியிலிருந்து எடுத்தது. கம்ப்ரெஷன் பார்த்தேன், மூன்று சிலிண்டரில் 12 பார், ஒன்றில் மட்டும் 9 சொச்சம். பிரித்தேன். அந்தப் பிஸ்டன் மற்றவற்றைவிட 2 மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றது. ராடைக் கையில் எடுத்துப் பார்த்தாலே வளைவு தெரிந்தது. புது ராடோடு சேர்த்துக் கண்ணாடிப் பலகையில் படுக்க வைத்தால், நடுவில் இடைவெளி நன்றாகவே தெரிகிறது. பிஸ்டனின் பாவாடைப் பகுதியில், அதாவது அதன் கீழ்ப்பக்கச் சுவரில், ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப் பக்கம் கீழேயும் தேய்ந்திருந்தது. கோணலாக ஏறி இறங்கியிருக்கிறது. கீழே பேரிங் ஒரு ஓரத்தில் மட்டும் செம்பு தெரிய வழவழவென்று தேய்ந்துவிட்டது. அவர் வண்டியை நிறுத்தியதால் ஒரு ராடு, ஒரு பிஸ்டன், பேரிங் செட், கேஸ்கெட்டோடு முடிந்தது.

அதே மாதிரி ஓட்டிக்கொண்டே இருந்தவர்களின் என்ஜினையும் பார்த்திருக்கிறேன். வளைந்த இடத்தில் எஃகு ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப்போய், ஒரு நாள் வேகத்தில் போகும்போது ஒடிந்துவிடும். ஒடிந்த முனை கிராங்க்கோடு சேர்ந்து சுற்றி பிளாக்கின் பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வரும். ஆயில் முழுவதும் சாலையில், சில நேரம் சூடான சைலன்சர் குழாய் மேல். அந்த பிளாக்கை ஒன்றும் செய்ய முடியாது.

நீங்கள் சொல்லும் ஆட்டம், சத்தம், இழுவைக் குறைவு, மூன்றும் சேர்ந்து வந்திருப்பதால் எனக்குச் சந்தேகம் வலுக்கிறது. பிளக்கோ மவுண்டிங்கோ கூடக் காரணமாக இருக்கலாம், இருந்தால் சந்தோஷம். பார்க்காமல் தெரியாது. கம்ப்ரெஷன் டெஸ்ட் அரை மணி நேர வேலை. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் பிளக் ஓட்டை வழியாக கேமராவை விட்டு, பிஸ்டன் எவ்வளவு உயரம் வருகிறது, சுவரில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முன்பு தண்ணீரில் நின்ற வண்டி என்பதை மெக்கானிக்கிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் பிளக்கையும் காயிலையும் மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். லாரி வரச் சொல்லி ஏற்றி அனுப்புங்கள்.